முதுமை ஆய்வும் எங்கள் சாலையின் தடுப்புச்சுவரும்

முதியோரை ஆராயும் தொழிலில் ஒரேயொரு இடர்ப்பாடுதான் உண்டு: ஆராயப்படுகிறவர்களுக்கு இன்னும் காது கேட்கிறது.

நான் அந்தத் தொழிலின் இரு தரப்பிலும் இருந்து பார்த்தவள். கள்ளக்குறிச்சியில் பல ஆண்டுகள் புவியியல் கற்பித்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்று, என் வேலையை நானே செய்துகொண்டு, எவருக்கும் சுமையாக இராமல் வாழ்ந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் பெருநகரத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு எங்கள் தெருவுக்கு வந்தது. முதியோர் பெருகிவரும் காலத்துக்கு ஏற்றவாறு ஊர்களை எப்படித் திருத்தி அமைப்பது என்பதை, ஊர்மக்களோடு சேர்ந்தே ஆராய்வது அவர்கள் திட்டம். அந்தச் 'சேர்ந்தே' என்ற சொல்லை மெய்யாக்க உள்ளூரில் ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னைப் பிடித்தார்கள்.

எங்கள் தெரு பெருஞ்சாலையின் ஒரு பக்கத்தில் இருக்கிறது. பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, மருந்துக்கடை, மாதா கோயில் அனைத்தும் எதிர்ப்பக்கம். சாலையை அகலப்படுத்தியபோது நடுவே தடுப்புச்சுவர் கட்டி, அதில் அரளி நட்டு, எங்கள் தெருமுனைக்கு நேரே இருந்த இடைவெளியையும் அடைத்துவிட்டார்கள். வாலிபர்கள் சுவர்மேல் கால்வைத்துத் தாண்டிவிடுகிறார்கள். புடவை கட்டிய, முழங்கால் தேய்ந்த எங்களைப் போன்றவர்கள் பெட்ரோல் பங்க் வரை நடந்து, அங்குள்ள திறப்பில் சாலையைக் கடந்து, மறுபக்கத்தில் அதே தூரம் திரும்பி நடக்கவேண்டும். உங்கள் ஊரிலும் இப்படியொரு சுவர் இருக்கும், வாசகர்களே. ஆகவே அதைப் பற்றி மேலும் விவரிக்கமாட்டேன். உங்கள் முழங்காலே உங்களுக்குச் சொல்லும்.

கழுத்தில் தொங்கிய பதவி

முதல் நாள் என் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். மாட்டியவள் கீர்த்தனா, குழுவின் இளம் ஆய்வாளர்; படித்த பெண், பணிவான பெண், சொன்னதைச் செய்கிற பெண். அட்டையில் என் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே 'பயனாளி' என்றிருந்தது. என்னைக் கூட்டு ஆய்வாளர் என்று சொல்லித்தானே அழைத்தீர்கள், நான் இதுவரை உங்களிடமிருந்து எந்தப் பயனையும் பெறவில்லையே என்று கேட்டேன். அறுபது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சடித்துவிட்டார்களாம். அப்படியானால் அந்தக் குழுவின் தலைவரான பேராசிரியருக்கும் 'பயனாளி' அட்டைதானா என்றேன். அவர் தலையும் என் தலையைப் போலத்தான் நரைத்திருந்தது. அவர் அன்பாகச் சிரித்துவிட்டு வேறு பக்கம் போனார்.

மறுநாள் புதிய அட்டை வந்தது. அதில் 'கூட்டு ஆய்வாளர்' என்று மேலேயும், 'பயனாளி' என்று கீழேயும் அச்சாகியிருந்தது. நான் கீர்த்தனாவை நிமிர்ந்து பார்த்தேன். பள்ளியில் அந்தப் பார்வைக்குப் பிறகு யாரும் பேசியதில்லை. இவள் பேசினாள்.

"ரெண்டும் இருக்கட்டும் மேடம், எது வேணாமோ அத கையால மறைச்சுக்குங்க."

கைத்தடி

அறிக்கையின் அட்டைப்படத்துக்காகப் புகைப்படம் எடுக்க உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரை அழைத்திருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து எடுக்கிறவர். அவர் தம் பையிலிருந்து ஒரு கைத்தடியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் கைத்தடி ஊன்றுவதில்லை. ஊன்றுகிற நாள் வந்தால் என் தடியை நானே தேர்ந்துகொள்வேன். "சும்மா புடிச்சிக்க ஆயா, போட்டோ எடுத்ததும் வாங்கிக்கிறேன்" என்றார். நான் என் பேரப்பிள்ளைகளுக்கு மட்டுமே ஆயா என்பதை அவருக்குத் தெளிவுபடுத்தினேன். பேராசிரியர் குறுக்கிட்டு, படத்தைப் பார்த்தவுடனே முதுமை என்பது விளங்கவேண்டும், அதற்காகத்தான் என்றார். என் முகத்தில் அது விளங்கவில்லையா என்று கேட்டேன். 

என் பக்கத்தில் சவரியம்மாள் நின்றாள். அடுத்த வீட்டுக்காரி. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்த பின் தனியே வாழ்கிறவள். நான் மறுத்த தடியை அவள் வாங்கிக்கொண்டபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. அவளோ அதை நேரே எடுத்துப் போய், தன் வீட்டு முருங்கை மரத்தில் எட்டாத உயரத்தில் தொங்கிய காய்களை வளைத்து இழுத்துப் பறிக்கத் தொடங்கினாள். படத்துக்கு நின்ற கூட்டமெல்லாம் காய் பொறுக்கப் போய்விட்டது. புகைப்படக்காரர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்கள்லாம் இவ்ளோ தெம்பா இருந்தா, அவுங்க ஆராய்ச்சி இன்னாங்க ஆவுறது?"

காபி குடித்த பின் கேட்கும் கேள்வி

அடுத்து வீடு வீடாகச் சென்று கேள்வி கேட்கும் படலம். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் குடிக்க ஏதாவது கொடுப்போம். அவரோடு சேர்ந்து நாமும் ஒரு வாய் குடித்துவிட்டால், அதன் பிறகு அவரிடம் வீட்டுக் குறையைப் பேசுவதில்லை. குறை பேச வேண்டுமென்றால் தம்ளரில் வாய் வைக்காமல் பேசவேண்டும். இது எழுதி வைத்த சட்டமன்று. எனினும் எங்கள் தெருவில் இதை மீறியவர் இல்லை. ஆய்வுக் குழுவோ, அன்பை வளர்ப்பதற்காகக் காபியை முழுதும் குடித்து முடித்த பிறகே கேள்விகளைத் தொடங்குவது என்று தங்களுக்குள் தீர்மானித்திருந்தது. நான் எச்சரித்தேன். "ராப்போ, அதாவது நெருக்கம், முக்கியம் மேடம்" என்றார்கள்.

முதல் வீடு கோவிந்தசாமியுடையது. கரும்பு விவசாயி, இப்போது நிலத்தை மகன் பார்க்கிறான். 'வீட்டை விட்டு வெளியே சென்றுவருவதில் உங்களுக்குச் சிரமம் உண்டா?' என்பது கேள்வி. சமையலறை வாசலில் மருமகள் நிற்கிறாள். அந்தக் கேள்வி அவர் காதில் எப்படி விழும்? 'உன் மகனும் மருமகளும் உன்னைக் கவனிப்பதில்லையா?' என்றுதான் விழும். அவர் காலித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கொறையும் இல்லை, மருமகள் தங்கம் என்றார். எல்லா வீட்டிலும் அதே பதில். ஒரு தெருவே தங்கமயமாகிவிட்டது. வெளியே வந்ததும் கோவிந்தசாமி வேலியோரமாக என் பின்னாலேயே வந்தார். மருந்து வாங்கப் போகமுடியாமல், மகன் வரும்வரை ரத்த அழுத்த மாத்திரை இன்றியே கிடப்பதாகச் சொன்னார். உள்ளே ஏன் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டேன்.

"மருமவ நின்னுக்கினு இருக்கசொல்லோ, அவ போட்ட காப்பியயும் குடிச்சிப்புட்டு, இன்னாத்த டீச்சர் சொல்றது?"

என் பதில்

கடைசியில் என் முறை வந்தது. நான் காபி கொடுக்கவில்லை. நேரே நாற்காலியில் அமர்ந்து, தடுப்புச்சுவரில் தொடங்கி, பங்க் வரையிலான நடையையும், வழியில் நிழல் இல்லாததையும், லாரிகள் வேகம் குறைக்காததையும் ஒழுங்காக எடுத்துரைத்தேன். கீர்த்தனா அமைதியாகக் கேட்டாள். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஏனென்று கேட்டபோது அவளுக்கே சங்கடமாக இருந்தது.

"நீங்க கூட்டு ஆய்வாளர் மேடம், ஆய்வாளரோட பதில் கணக்குல வராது."

சவரியம்மாள் சொன்ன பொய்

தெருவில் ஒருத்தியாவது உண்மை சொல்வாள் என்று நான் சவரியம்மாளை நம்பியிருந்தேன். தினமும் காலைப் பூசைக்குச் சாலையைச் சுற்றிக்கொண்டு போகிறவள் அவள்தான். அந்த நடையில் அவள் முழங்கால் வீங்கிப்போவதை நான் அறிவேன். அவளுக்கு மருமகளும் அருகில் இல்லை. ஒரே மகன் ஆரோக்கியராஜ் ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான். அவளும் 'சிரமமே இல்லை' என்றுதான் சொன்னாள். அது மட்டுமன்று, ரோடு தாண்டுவது தனக்கு விளையாட்டு என்றும் சேர்த்துச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தை என்னவென்பது. குழு போனதும் அவள் வீட்டுக்குள் சென்று, உண்மை பேசத் துணிவில்லாதவளுக்குப் பூசை எதற்கு என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். ஆரோக்கியராஜ் அவளை ஓசூருக்கு அழைத்துப் போகத் தீர்மானித்துவிட்டான். வீட்டைக் கூரியர் கம்பெனிக்குக் கிடங்காக வாடகைக்கு விடுவதாகப் பேச்சு. 'இனிமேல் உன்னால் தனியா இருக்க முடியாது' என்பது அவன் வாதம். 'ஏன் முடியாது, நானே கடைக்குப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன்' என்பது இவள் வாதம். அந்த வழக்கில் அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அவள் கால்கள்தான். ஓசூர் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. அங்கே போனால் இறங்கவே விடமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். மகன் கெட்டவன் அல்லன். கெட்டவனாக இருந்தால் எதிர்ப்பது எளிது.

"ரோடு தாண்ட முடியலன்னு நானே எழுதிக் குடுத்துட்டா, அத்தோட என் வூட்டப் பூட்டிட வேண்டியதுதான டீச்சர்."

மலைமேல் ஒரு கல்

இதற்கிடையில் ஒப்பீட்டுக்காகக் கல்வராயன் மலைக்குப் போனோம். வளைவுகளில் எல்லாம் கீர்த்தனாவுக்குத் தலைசுற்றல்; எனக்கு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஒரு சிற்றூரில் பேருந்து நிற்கும் இடத்தில் தட்டையான பெரிய கல் ஒன்று கிடந்தது. பேருந்து வந்தபோது ஓட்டுநர் வண்டியை மெல்ல ஓரங்கட்டி, படிக்கட்டைக் கல்லுக்குச் சரி நேராக நிறுத்தினார். புளிமூட்டையோடு காத்திருந்த வயதான பெண்கள் கல்லில் ஏறி, அங்கிருந்து ஒரே எட்டில் உள்ளே போய்விட்டார்கள். பேராசிரியர் பரவசப்பட்டுப் படம் எடுத்துத் தள்ளினார். இந்தப் பகுதியிலேயே மிகச் சிறந்த முதியோர் நல வடிவமைப்பு இதுதான் என்றார். பக்கத்தில் வேறொரு வண்டிக்காகக் காத்திருந்த மூதாட்டி ஒருத்தியிடம், இதை முதலில் வடிவமைத்தது யார், எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தீர்கள் என்று கேட்டார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முன்பெல்லாம் வண்டி கல்லைத் தாண்டிப் போய்த்தான் நிற்குமாம். ஓட்டுநர் நல்லவர்தான், ஆனால் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாராம்.

"வடிவமும் இல்ல கூட்டமும் இல்ல சாமி. கல்லு எப்பவும் இங்கதான் கெடக்குது. டிரைவரத்தான் தெனம் நின்னு திட்டினோம், அப்பறந்தான் சரியா நிறுத்துறாரு."

தெர்மோகோல் ஊர்

சில வாரங்களில் எங்கள் தெருவின் புதிய வடிவம் தெர்மோகோலில் தயாராகி வந்தது. எட்டு வடிவில் நடைபாதை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அமரும் பெஞ்சுகள். சிறு மருந்துக் கவுண்டர். நடமாடும் ரேஷன் வண்டிக்கு இடம். பச்சை வண்ணத்தில் பஞ்சு மரங்கள். எல்லாம் சாலைக்கு இந்தப் பக்கம். பெருஞ்சாலை மாதிரியின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடாக இருந்தது. தடுப்புச்சுவர் இல்லவே இல்லை. சுவர் எங்கே என்று கேட்டேன். தெருவில் ஒருவருமே அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆகவே அதை ஆய்வின் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டோம் என்றார் பேராசிரியர்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஊரை எங்களுக்கு ஏற்பத் திருத்துவதாகச் சொல்லி வந்தவர்கள், எங்களை ஒரு கோட்டுக்குள் வைத்துப் பஞ்சு மரம் நட்டுக் கொடுக்கிறார்கள். பேருந்து ஏறி உளுந்தூர்பேட்டையில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போவது, பூசைக்குப் போவது, கடைக்காரனோடு நின்று பேரம் பேசுவது ஆகியவற்றையெல்லாம் எட்டு வடிவ நடைபாதையில் எங்கே செய்வது? ஒரு மனிதருக்குத் தேவையானது எல்லாம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டால் அதற்கு வேறு பெயர் உண்டு. சிறையிலும் அவ்வாறே வருகிறது. இதை இதே சொற்களில் சொன்னேன். பேராசிரியர் புண்படவில்லை. என்னைச் சமாதானப்படுத்தும் குரலில் சொன்னார்.

"இனிமே நீங்க யாரும் அந்த ரோட்டையே தாண்ட வேண்டாம்மா, அதுதான் இந்த டிசைனோட அழகே."

பங்க் வழி

மலைக் கிழவியின் ஆய்வுமுறை ஒன்றே மீதியிருந்தது. நான் திட்டத் தொடங்கினேன். மாதிரியை ஊராரிடம் காட்டி ஒப்புதல் பெறும் கூட்டத்தை எங்கள் பக்கத்தில் நடத்தவிடமாட்டேன், சாலைக்கு அப்பாலுள்ள மாதா கோயில் மண்டபத்தில் வையுங்கள், இல்லையெனில் அட்டையைக் கழற்றி வைக்கிறேன் என்றேன். கூட்டு ஆய்வாளர் இல்லாமல் கூட்டு ஆய்வு இல்லை, ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் நிகழ்ச்சி நிரலிலேயே 'நடை ஆய்வு' என்று ஓர் அங்கம் இருந்தது. அதை எங்கள் தெருமுனையில் தொடங்கி மண்டபத்தில் முடிக்க வைத்தேன். சாலைப் பொறியாளர் ஒருவரையும் வரவழைத்தார்கள். ஓசூரிலிருந்து ஆரோக்கியராஜும் வந்தான். தாயை அழைத்துப் போக வந்தவனைக் குழு பிடித்து 'பராமரிப்பாளர்' என்று அட்டை மாட்டியிருந்தது.

தெருமுனைக்கு வந்தோம். பொறியாளர் ஒரு தாவலில் சுவரைத் தாண்டினார். பேராசிரியர் அரளிச் செடியைப் பிடித்துக்கொண்டு தாண்டினார். கீர்த்தனா தாண்டினாள். ஆரோக்கியராஜ் சுவர்மேல் ஏறி நின்று தாய்க்குக் கை நீட்டினான். "கையக் குடும்மா, தூக்கி வுட்டுர்றேன்." சவரியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். "நான் இன்னா அரிசி மூட்டையாடா" என்று கேட்டுவிட்டு, பங்க் இருக்கும் திசையில் நடக்கத் தொடங்கினாள். நானும் நடந்தேன்; கோவிந்தசாமியும் தெருப் பெரியவர்கள் அனைவரும் பின்னால் வந்தார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் தோகை உரச எங்களைக் கடந்தன. சுவருக்கு அப்பால், எங்களுக்கு இணையாக, "யம்மா, திரும்பி வாம்மா, வெயிலும்மா" என்று கூப்பிட்டபடி ஆரோக்கியராஜ் நடந்து வந்தான். பங்க் வரை வந்தான். லாரிகள் வழிவிடும்வரை நாங்கள் திறப்பில் நின்றதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுபக்கத்தில் மண்டபம் வரை திரும்பியும் நடந்தான். அதற்குள் அவன் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான்.

மண்டபத்தில் எங்களுக்கு முன்பே வந்தவர்கள் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் டீ கொடுக்கப்பட்டது. எங்கள் மகன்கள், மருமகள்கள் எல்லாம் சுவரோரம் நின்றார்கள். பேராசிரியர் மிகுந்த கனிவோடு அதே பழைய கேள்வியைச் சவரியம்மாளிடம் கேட்டார்: வெளியே வந்து போவதில் சிரமம் ஏதும் உண்டா, அம்மா? அவள் மகனைப் பார்த்தாள். பிறகு உதட்டருகே கொண்டுபோன டீயை, ஒரு வாயும் குடிக்காமல், தரையில் வைத்தாள். தம்ளர் தரையைத் தொட்ட ஓசை கேட்டது. அதன் பொருள் எங்கள் தெருவுக்குப் புரிந்துவிட்டது. அடுத்ததாகக் கோவிந்தசாமி, தம் மருமகள் பார்த்திருக்கவே, தம்ளரைக் கீழே வைத்தார். அதன்பின் வரிசையாக எல்லோரும் வைத்தார்கள். நானும் வைத்தேன். ஆய்வுக் குழு மட்டும் குடித்துக்கொண்டிருந்தது. சவரியம்மாள் எழுந்து நின்று பேசினாள்.

"தாண்ட முடியலீங்க, நெசமாத்தான் சொல்றேன். ஆனா என் காலு மேல பழி எழுதாதீங்க; அந்தக் கட்டைய வக்கிறதுக்கு முன்ன, இதே காலுதான் தெனம் ரோட்டத் தாண்டிக்கினு இருந்துச்சி."

திறப்பு

பொறியாளர் அதற்குப் பல விதிகளைச் சொன்னார். ஒவ்வொரு விதிக்கும் ஒரு முறை அவரையும் பங்க் வரை நடந்து வரும்படி கேட்டுக்கொண்டோம். அவர் வரவில்லை, எனினும் மழைக்காலத்துக்கு முன்பே எங்கள் தெருமுனையில் சுவரை உடைத்து, ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்குத் திறப்பு விட்டார்கள். இருபுறமும் வேகத்தடை போட்டார்கள். தற்காலிக ஏற்பாடுதான் என்றார்கள். நாங்களும் அப்படித்தான். இப்போது அந்த வழியை அதிகம் பயன்படுத்துகிறவர்கள், முன்பு சுவரைத் தாவித் தாண்டிய வாலிபர்களே.

ஆரோக்கியராஜ் தனியாகத்தான் ஓசூர் திரும்பினான். கூட்டம் முடிந்த அன்றிரவே கூரியர் கம்பெனிக்காரரிடம் வீடு இல்லை என்று சொல்லிவிட்டான்.  திறப்பு விட்ட பின் ஒருமுறை வந்து போனபோது, சவரியம்மாள் அதன் வழியே சென்று அவனை எதிர்ப்பக்கத்தில் பேருந்து ஏற்றிவிட்டாள். நான் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவன் படிக்கட்டில் நின்றபடி, ரோட்டைப் பார்த்துத் தாண்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"நான் தாண்டிக்கிறேன்டா, நீ உள்ள ஏறி ஒரு சீட்டப் புடி."

அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. ஆய்வுக் குழுவின் அன்பான அணுகுமுறையால் முதியோர் மனம் திறந்தார்கள் என்று அதில் அழகாக எழுதியிருக்கிறார்கள், ஆறிப்போன டீயைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.